தீயணைப்பு விளையாட்டும் தீ கற்பித்த பாடங்களும்

கன்னியாகுமரி மாவட்டத்தில், குளச்சலை அடுத்த கடற்கரையில் அமைந்த ஊர் மண்டைக்காடு. அங்குள்ள பகவதி அம்மன் கோயிலைத் தென் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அறியாதவர் குறைவு. புற்று வடிவில் வழிபடப்படும் அம்மன் அது. பெண்கள் இருமுடி கட்டிச் செல்வதால் ‘பெண்களின் சபரிமலை’ என்ற பெயரும் அக்கோயிலுக்கு உண்டு. மாசிக் கொடை விழாவின்போது அங்கே கூட்டம் அலைமோதும்.

2021-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் காலையில், பூசை முடிந்த பிறகு, அக்கோயிலின் கருவறை மேற்கூரையில் தீப்பற்றியது. மரத்தாலான கூரை. தீயணைப்புப் படையினர் வந்து தீயை அணைத்தனர். ஆனால் அதற்குள் கூரை பெருமளவு எரிந்துவிட்டது. கொரோனா ஊரடங்கு நடப்பில் இருந்த காலமாதலால் கோயிலில் பக்தர்கள் கூட்டம் இல்லை. அதே தீ மாசிக் கொடை நாளொன்றில் பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

இனி ஒரு கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்த மாவட்டத்து மாணவர் ஒருவர் கணிப்பொறியில் தீயணைப்பு விளையாட்டு ஒன்றைத் தாமே உருவாக்குகிறார். பெரிய நிறுவனம் இல்லை, பணம் இல்லை. அவரும் ஒரு நண்பருமே உழைப்பாளிகள். விளையாட்டின் ஒரு கட்டம் மண்டைக்காட்டைப் போன்ற ஒரு கடற்கரை ஊரில், மரக்கூரை வேய்ந்த ஒரு கோயிலில் நடக்கிறது. அதை உங்களிடம் கொடுத்து, ‘ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்’ என்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

‘நன்றாக இருக்கிறது’ என்பது எளிது. ‘ஒன்றும் சரியில்லை’ என்பது அதைவிட எளிது. இரண்டினாலும் அவருக்குப் பயன் இல்லை. பயன்படும்படி கருத்துச் சொல்வது ஒரு கலை. தீயணைப்பின் வரலாறே அந்தக் கலையைக் கற்றுத் தருகிறது. ஏனெனில் இன்று நாம் பின்பற்றும் தீப்பாதுகாப்பு விதிகளில் பல, ஏதோ ஒரு பழைய தீ விபத்தைப் பார்த்து மனிதர் சொல்லிக்கொண்ட திருத்தங்களே ஆகும்.

1824: இரண்டு நிகழ்ச்சிகள்

1824-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. நம் கேள்விக்கு இரண்டுமே உதவுபவை.

முதல் நிகழ்ச்சி பிரஷ்ய நாட்டில். ரைஸ்விட்ஸ் என்ற இளம் படை அதிகாரி, வரைபடத்தின் மேல் சிறு கட்டைகளை நகர்த்திப் போர்ப் பயிற்சி பெறும் விளையாட்டு ஒன்றைப் படைத் தலைமையிடம் ஆடிக் காட்டினார். அவருடைய தந்தை 1812-இல் அரசருக்காக மேசைமேல் அமைத்துத் தந்த விளையாட்டையே மகன் திருத்தி வளர்த்திருந்தார். அதன் சிறப்பு நடுவரே. இரு தரப்பினரும் தங்கள் கட்டளைகளை நடுவரிடம் கொடுப்பார்கள். களத்தில் உண்மையாகவே கண்ணுக்குத் தெரியக்கூடியதை மட்டுமே நடுவர் அவர்களுக்குக் காட்டுவார். மோதலின் முடிவு பகடையாலும் அட்டவணைகளாலும் தீர்மானிக்கப்படும்.

நாளடைவில் இந்த விளையாட்டைப் பற்றிக் குறைகள் எழுந்தன. விதிகள் மிகுதி, கணக்குப் போடுவதிலேயே நேரம் கழிகிறது, கற்க வேண்டியதைக் கற்க முடியவில்லை என்று அதிகாரிகள் சலித்துக்கொண்டனர். 1873-இல் மெக்கெல் என்ற அதிகாரி இக்குறைகளை ஆராய்ந்து எழுதினார். 1876-இல் வெர்டி து வெர்னுவா என்பவர் அட்டவணைகளைக் குறைத்து, அனுபவமிக்க நடுவரின் தீர்ப்புக்கே முதலிடம் கொடுக்கும் புதிய முறையை வெளியிட்டார். கவனியுங்கள்: விளையாட்டைத் தூக்கி எறியுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. விளையாட்டின் நோக்கம் என்ன, அதற்கு எது இடையூறு, அதற்கு மாற்று என்ன என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னார்கள்.

இரண்டாம் நிகழ்ச்சி ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில். அங்கே அதே ஆண்டு நகராட்சித் தீயணைப்புப் படை ஒன்று தொடங்கப்பட்டது. அதன் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட். வயது இருபத்து நான்கு. படை தொடங்கிச் சில வாரங்களே ஆன நிலையில், நவம்பர் மாதம் நகரில் பெருந்தீ மூண்டது. பல நாட்கள் எரிந்த அத்தீயில் நகரின் பழைய பகுதியில் பெரும் அழிவு ஏற்பட்டது. ‘புதிய படை உதவாத படை’ என்று பழி சுமத்தப்பட்டது. விசாரித்துப் பார்த்தபோது வேறோர் உண்மை தெரிந்தது. தீ எரியும் இடத்தில் நகரப் பெரியவர்கள் ஆளுக்கொரு கட்டளை இட்டிருந்தார்கள். யார் சொல்லைக் கேட்பது என்று வீரர்களுக்குத் தெரியவில்லை. எனவே தீயிடத்தில் படைத்தலைவர் ஒருவருக்கே அதிகாரம் என்ற விதி பிறந்தது.

பழி சொல்லியவர்கள் படையைக் கலைத்திருப்பார்கள். ஆராய்ந்து சொல்லியவர்கள் படையைத் திருத்தினார்கள். பிரெய்ட்வுட் தீயைத் தெருவில் நின்று நனைப்பதைவிட, உள்ளே நுழைந்து மூலத்தை அணைப்பதே முறை என்று தம் வீரர்களைப் பயிற்றுவித்தார். பின்னர் 1833 முதல் லண்டன் படைக்குத் தலைமை ஏற்றார். 1861-இல் டூலி தெருத் தீயில் சுவர் இடிந்து விழுந்து உயிர் துறந்தார்.

வீடியோ விளையாட்டில் தீ

தீயணைப்பு வீடியோ விளையாட்டாக வரத் தொடங்கியது 1980-களின் வாயிலில். 1980-இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் கையடக்கமான ‘ஃபயர்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. எரியும் மாடியிலிருந்து மக்கள் குதிப்பார்கள். கீழே இரண்டு தீயணைப்போர் ஒரு வலையை விரித்துப் பிடித்தபடி இடமும் வலமும் ஓடுவார்கள். வலையில் விழுந்தவர் பந்துபோல் துள்ளித் துள்ளி ஆம்புலன்ஸ் வண்டிக்குள் போய் விழுவார். மூன்று பேரைத் தவறவிட்டால் ஆட்டம் முடிந்தது.

1982-இல் அமெரிக்காவின் இமாஜிக் நிறுவனம், அட்டாரி கருவியில் ஆடத்தக்க ‘ஃபயர் ஃபைட்டர்’ என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. எரியும் கட்டடத்தின் மீது நீரைப் பீய்ச்சி, ஏணி வைத்து மேலே இருப்பவரை மீட்க வேண்டும். 1994-இல் ஜப்பானில் ‘தி ஃபயர்மென்’ வந்தது. இதில் ஆடுபவர் குழாய் பிடிக்கும் வீரர். அவருடன் கோடரி ஏந்திய தோழர் ஒருவர் எப்போதும் வருவார். எரியும் கட்டடத்துக்குள் தனியாகப் போகலாகாது என்ற உண்மையான தீயணைப்பு விதி இங்கே விளையாட்டுக்குள் நுழைந்துவிட்டது.

முதலில் சொன்ன வலை விளையாட்டை நினைத்துப் பாருங்கள். வலை வெறும் கற்பனை அன்று. 1887-இல் தாமஸ் பிரௌடர் என்ற அமெரிக்கர் அத்தகைய உயிர்காப்பு வலைக்குக் காப்புரிமை பெற்றார். அதனால் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் அதன் எல்லை என்ன என்பதை நியூயார்க் நகரம் 1911-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் கண்ணால் கண்டது. ‘டிரையாங்கிள்’ என்ற சட்டைத் தொழிற்சாலை ஒரு கட்டடத்தின் எட்டு, ஒன்பது, பத்தாம் தளங்களில் இருந்தது. தீப்பற்றியபோது ஒன்பதாம் தளத்தில் ஒரு கதவு பூட்டியிருந்தது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாம் தளம் வரைதான் எட்டியது. வேறு வழியின்றிக் குதித்த இளம் பெண்களின் வேகத்தைத் தாங்க மாட்டாமல் வலைகள் கிழிந்தன. 146 பேர் மாண்டனர்.

அவர்களைக் கொன்றது தீ மட்டுமா? பூட்டிய கதவும், குறுகிய வழியும், எட்டாத ஏணியும் சேர்ந்தே கொன்றன. அதன்பின் அந்த மாநிலம் விசாரணைக் குழு அமைத்துத் தொழிற்சாலைகளுக்குப் பல புதிய சட்டங்களை இயற்றியது. உயிர்காப்பு வலையும் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. நின்டெண்டோவின் விளையாட்டு வெளிவந்த காலத்தில் தீயணைப்புப் படைகள் அதைக் கைவிட்டுக்கொண்டிருந்தன.

இதனால் அந்த விளையாட்டு மோசமானது என்று முடிவு கட்டலாமா? கூடாது. அது விரைவும் கவனமும் வேண்டும் ஒரு கைத்திறன் விளையாட்டு. தீயணைப்பைக் கற்பிப்பதாக அது சொல்லிக்கொள்ளவில்லை. கருத்துச் சொல்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த விளையாட்டு எதற்காக ஆக்கப்பட்டது? சிரிப்பதற்கா, திறமைக்கா, கற்பதற்கா? அண்மையில் அமெரிக்காவில் ஒரு குழு ‘எம்பர்’ என்ற தீயணைப்பு விளையாட்டை 2020-இல் முற்றுப்பெறாத நிலையிலேயே வெளியிட்டு, ஆடுவோர் கருத்துக்களைக் கேட்டுத் திருத்தி, 2021-இல் முழுமையாக வெளியிட்டது. அது நகைச்சுவை விளையாட்டு. ‘உண்மையில் இப்படி நடக்காது’ என்று அதனிடம் சொல்வதில் பொருள் இல்லை. ஆனால் நம் மாணவர், ‘என் ஊர்ப் பிள்ளைகள் தீயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்’ என்று சொன்னால் நிலைமை வேறு. அங்கே பிழை பிழையே.

தீ எப்படி நடந்துகொள்ளும்?

பல விளையாட்டுகளில் தீ ஓர் அரக்கன். அவனுக்கு நூறு உயிர்ப் புள்ளிகள். நீர் பட்டால் பத்துப் புள்ளி குறையும். பத்து முறை நீர் அடித்தால் மாண்டுபோவான். ஆனால் உண்மைத் தீ அப்படிப்பட்டதன்று.

தீ நிலைக்க எரிபொருள், காற்றிலுள்ள ஆக்சிஜன், வெப்பம் ஆகியவை வேண்டும் என்பது நீங்கள் பள்ளியில் படித்ததுதான். மூன்றில் ஒன்றை நீக்கினால் தீ அணையும். நீர் வெப்பத்தை நீக்குகிறது. ஈரச் சாக்கும் மணலும் ஆக்சிஜனை மறைக்கின்றன. எரியாத பொருளை அப்புறப்படுத்துவது எரிபொருளை நீக்குகிறது. ஆகவே விளையாட்டிலும் அணைக்கும் வழி ஒன்றாக இருத்தல் போதாது.

எண்ணெய்த் தீயை எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் எண்ணெயில் நீரை ஊற்றினால் நீர் எண்ணெய்க்கு அடியில் சென்று நொடியில் நீராவியாகிறது. நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1700 மடங்கு விரிகிறது. அந்த வேகத்தில் எரியும் எண்ணெய் நாற்புறமும் சிதறுகிறது. எரியும் எண்ணெய்ச் சட்டியை மூடியால் மூடுவதே முறை. எண்ணெய் விளக்குகள் நிறைந்த ஒரு கோயிலைக் காட்டும் விளையாட்டில், எல்லாத் தீயும் நீருக்கு அடங்கும் என்று காட்டினால், அதை ஆடிய பிள்ளை வீட்டு அடுக்களையில் என்ன செய்யும்?

அடுத்தது புகை. கட்டடத் தீயில் மாள்பவர்களில் பலர் எரிந்து மாள்வதில்லை. புகையாலும் அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவாலும் மாள்கிறார்கள். சூடான புகை மேலே எழுந்து கூரையை ஒட்டிப் பரவி, பின் சிறிது சிறிதாகக் கீழே இறங்குகிறது. தரையை ஒட்டிய காற்றே சற்று நேரம் தூயதாக இருக்கும். தவழ்ந்து வெளியேறுங்கள் என்று சொல்வது அதனால்தான். கூரையடிப் புகையின் வெப்பம் 500, 600 பாகை செல்சியசை எட்டும்போது, தீ தொடாத பொருள்களும் அறை முழுவதும் ஒரே சமயத்தில் தீப்பற்றிக்கொள்ளும். அதன்பின் அந்த அறையில் எவரும் பிழைப்பது அரிது. இந்த நேரத்தைத் தள்ளிப் போடுவதில் மூடிய கதவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஓடும்போது கதவைச் சாத்திவிட்டு ஓடுபவர் பின்னாலிருப்பவருக்கும் நேரம் வாங்கித் தருகிறார்.

மூன்றாவது காற்று. மண்டைக்காடு போன்ற கடற்கரை ஊரில் பகலில் கடலிலிருந்து நிலத்துக்கும், இரவில் நிலத்திலிருந்து கடலுக்கும் காற்று வீசும். ஓலைக் குடிசை ஒன்று பகலில் எரிந்தால் பொறிகள் பெரும்பாலும் ஊர்ப்பக்கம் பறக்கும். இரவில் எரிந்தால் கடற்பக்கம் பறக்கும். விளையாட்டில் இந்த ஒரு மாற்றத்தைச் சேர்த்தாலே ஆடுபவர் சிந்திக்கத் தொடங்குவார்.

தீயின் போக்கைக் கணக்கில் அடக்கும் முயற்சிக்குப் பின்னாலும் ஒரு துயரம் இருக்கிறது. 1949 ஆகஸ்ட் 5-ஆம் நாள் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில், காட்டுத்தீயை அணைக்க வானிலிருந்து குதித்திறங்கிய வீரர்களைத் தீ துரத்தியது. மலைச்சரிவில் மேல்நோக்கித் தீ வேகமாகப் பாயும். மனிதனோ மேலே ஏற ஏறக் களைப்பான். பதின்மூன்று பேர் மாண்டனர். தலைவர் டாட்ஜ் தம் முன்னாலுள்ள புல்லைத் தாமே கொளுத்தி, எரிந்து தீர்ந்த சாம்பலில் படுத்துப் பிழைத்தார். எரிபொருள் இல்லாத இடத்துக்குத் தீ வராது என்ற பாடத்தை அந்த நொடியில் அவர் செயலாக்கினார்.

இத்தகைய விபத்துகளை ஆராய்ந்து 1957-இல் அமெரிக்கக் காட்டுத்தீப் படைக்குப் பத்துக் கட்டளைகள் வகுக்கப்பட்டன. 1972-இல் அதே மொன்டானாவிலுள்ள ஆய்வுக்கூடத்தில் ராதர்மெல் என்ற அறிஞர், எரிபொருள், ஈரம், காற்று, சரிவு ஆகியவற்றைக் கொண்டு தீயின் வேகத்தைக் கணக்கிடும் சமன்பாடுகளைத் தந்தார். கட்டடத்துக்குள் புகையும் வெப்பமும் எப்படிப் பரவும் என்று காட்டும் கணிப்பொறி நிரல் ஒன்றை அமெரிக்கத் தர நிறுவனம் 2000-இல் எல்லாருக்கும் இலவசமாக வெளியிட்டது.

சதுரத் தாளில் ஓர் ஆய்வு

கணிப்பொறி இல்லாமலே நீங்கள் ஒரு தீ விளையாட்டைச் செய்து பார்க்கலாம். சதுரக் கோடிட்ட தாளில் பத்துக்குப் பத்து என நூறு கட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருமுறை பகடை உருட்டுங்கள். 1, 2, 3 விழுந்தால் அங்கே ஓர் ஓலைக் குடிசை வரையுங்கள். மற்ற எண் விழுந்தால் வெற்றிடம். இப்போது இடப்பக்க ஓரத்திலுள்ள குடிசைகள் எல்லாம் எரிவதாகக் கொள்ளுங்கள். எரியும் குடிசையின் மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு புறத்திலும் ஒட்டியுள்ள குடிசைகளுக்குத் தீ பரவும். வலப்பக்க ஓரத்தைத் தீ எட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு புதிய தாளில், 1 முதல் 4 வரை விழுந்தால் குடிசை என்று வைத்து மீண்டும் செய்யுங்கள்.

முதல் முறையில் நூற்றுக்கு ஐம்பது கட்டங்களிலும், இரண்டாம் முறையில் ஏறத்தாழ அறுபத்தேழு கட்டங்களிலும் குடிசைகள் இருக்கும். சிலமுறை செய்து பார்த்தால், முதலாவதில் தீ பெரும்பாலும் நடுவழியில் நின்றுவிடுவதையும், இரண்டாவதில் பெரும்பாலும் மறுகோடிக்குப் பாய்ந்துவிடுவதையும் காண்பீர்கள். மிகப் பெரிய தாளில் இந்த எல்லை நூற்றுக்கு 59-ஐ ஒட்டி அமைகிறது. அதற்குச் சற்றுக் கீழே தீ அடங்கும். சற்று மேலே ஊரே எரியும். 1957-இல் பிராட்பென்ட், ஹேமர்ஸ்லி என்ற இரு கணித அறிஞர்கள் தொடங்கிய ஆராய்ச்சி இது.

இதிலிருந்து நம் மாணவருக்குச் சொல்ல ஒரு கருத்துக் கிடைக்கிறது. ‘மூன்றாம் கட்டம் மிகக் கடினம், ஆட முடியவில்லை’ என்று மட்டும் சொன்னால் அவர் நீரின் வலிமையைக் கூட்டிவிடுவார். ‘குடிசைகள் மிக நெருக்கம், நடுவில் ஒரு தெருவை விடுங்கள், அல்லது தீ வருமுன் ஒரு கூரையைப் பிரித்தெடுக்க ஆடுபவருக்கு வாய்ப்புக் கொடுங்கள்’ என்று சொன்னால் விளையாட்டும் எளிதாகும், உண்மையும் கெடாது.

நம் நாட்டுத் தீக்கள் சொன்னவை

நம் நாட்டிலும் தீ கற்பித்த பாடங்களுக்குக் குறைவில்லை. 1944 ஏப்ரல் 14-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில், வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றிய ‘ஃபோர்ட் ஸ்டிக்கைன்’ என்ற கப்பல் தீப்பற்றி வெடித்தது. தீயை அணைக்கச் சென்ற வீரர்களில் 66 பேர் மாண்டனர். அவர்கள் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14 தீயணைப்புப் பணி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. வெடிக்கும் பொருளையும் எரியும் பொருளையும் ஒன்றாக அடுக்கலாகாது என்பது அத்தீ உரத்துச் சொன்ன பாடம்.

1997 ஜூன் 7-ஆம் நாள் தஞ்சைப் பெரிய கோயிலில் யாகசாலைக் கீற்றுப் பந்தல் தீப்பற்றியதில் 48 பேர் மாண்டனர். நெருப்பைவிட நெரிசலும் குறுகிய வழியும் அங்கே கொடியவையாயின. 2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. 2009-இல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பது குழந்தையின் உரிமையைச் சேர்ந்தது என்று தீர்ப்பளித்து, பள்ளிகளில் தீயணைப்புக் கருவிகளும் பயிற்சியும் வேண்டும் என்றது. 2018 பிப்ரவரி 2-ஆம் நாள் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் எரிந்தன. கோயிலுக்குள் கடைகள் இருக்கலாமா என்ற கேள்வி தமிழகம் எங்கும் எழுந்து, அவற்றை அகற்ற ஆணைகள் பிறந்தன.

இவற்றை வரிசையாகப் பாருங்கள். கூரை, வழி, கதவு, கூட்டம், அடுக்கி வைத்த பொருள் என்று, தீ மூளுமுன்பே இருந்த குறைகளையே ஒவ்வொரு விசாரணையும் கண்டது. ஆனால் தீயணைப்பு விளையாட்டுகள் பெரும்பாலும் தீ மூண்ட பிறகே தொடங்குகின்றன. நம் மாணவருக்கு நீங்கள் தரக்கூடிய மிகப் பெரிய யோசனை இதுவாக இருக்கலாம்: ஆட்டத்தைத் தீக்கு முந்திய பத்து நிமிடத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். திருவிழாக் கூட்டத்தில் எந்த வாசலைத் திறந்து வைப்பது, எண்ணெய்க் குடங்களை எங்கே வைப்பது, வாளியும் மணலும் எங்கே இருக்கின்றன என்று ஆடுபவர் முடிவு செய்யட்டும். அந்த முடிவுகளுக்கு ஏற்பத் தீ பிறகு நடந்துகொள்ளட்டும்.

எப்படிச் சொல்வது?

இனிக் கருத்துச் சொல்லும் முறைக்கு வருவோம். முதலாவது, முழுமையாக ஆடிப் பாருங்கள். ஒரு கட்டத்தை ஐந்து நிமிடம் ஆடிவிட்டுத் தீர்ப்புச் சொல்வது, எடின்பரோவில் தெருவில் நின்று பழி சொன்னதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, கண்டதை முதலில் சொல்லுங்கள். கருதியதைப் பின்னால் சொல்லுங்கள். ‘குழாயைப் பிடிப்பது சிரமம்’ என்பது கருத்து. ‘இரண்டாம் கட்டத்தில் படிக்கட்டில் ஏறும்போது நீர் சுவரில் அடித்தது, நான்கு முறை அதே இடத்தில் தோற்றேன்’ என்பது கண்ட செய்தி. கண்ட செய்தியை வைத்து ஆக்கியவரே காரணத்தைத் தேடிக்கொள்வார். நீங்கள் நினைத்த காரணத்தைவிடச் சரியான காரணம் அவருக்குத் தெரிந்திருக்கவும் கூடும்.

மூன்றாவது, பழுதையும் விருப்பத்தையும் பிரித்துச் சொல்லுங்கள். கதவைத் திறந்ததும் ஆட்டம் நின்றுபோனால் அது பழுது. உடனே திருத்த வேண்டியது. வீரரின் சட்டை நிறம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அது விருப்பம். தீயைப் பற்றிய பொய்யான செய்தி மூன்றாவது வகை. உயிரைத் தொடுவதால் அதைத் தனியே, முதலிலேயே சொல்லுங்கள்.

நான்காவது, இருவரால் செய்யக்கூடியதைச் சொல்லுங்கள். ‘புகையை உண்மைபோலவே காட்டுங்கள்’ என்பது பெரிய நிறுவனத்துக்கும் கடினம். ‘நேரம் செல்லச் செல்லத் திரையின் மேற்பாதியை இருளாக்குங்கள், தவழ்ந்தால் மட்டும் வழி தெரியட்டும்’ என்பது ஓரிரு நாள் வேலை. பயன் ஏறக்குறைய ஒன்றே. ரைஸ்விட்சின் நடுவர் செய்ததும் இதுதான்: களத்தில் நிற்பவனுக்குத் தெரியாததை அவனிடமிருந்து மறைத்தார். 2011-இல் கெவின் லான்சிங் என்பவர் வெளியிட்ட ‘ஃபிளாஷ் பாயின்ட்’ என்ற பலகை விளையாட்டில் புகைக்கென ஓர் எளிய விதி உண்டு: தீக்கு அருகிலுள்ள புகை தீயாக மாறும். அந்த ஒரு விதியே ஆடுவோரைப் புகைக்கு அஞ்ச வைக்கிறது. அந்த விளையாட்டில் ஒருவரை ஒருவர் வெல்வதும் இல்லை; எல்லாரும் சேர்ந்து மீட்க வேண்டும், அல்லது எல்லாரும் சேர்ந்து தோற்க வேண்டும்.

ஐந்தாவது, நன்றாக இருப்பதையும் காரணத்தோடு சொல்லுங்கள். ‘கோயில் மணியோசை கேட்டு மக்கள் வெளியேறியது நன்று, எந்தப் பக்கம் வாசல் என்று எனக்கும் அதனால் தெரிந்தது’ என்று சொன்னால், அடுத்த திருத்தத்தில் அவர் அதை நீக்கிவிட மாட்டார். காரணமற்ற புகழ்ச்சி எதைக் காக்க வேண்டும் என்று சொல்வதில்லை.

ஆறாவது, தோல்வியைப் பயனுள்ளதாக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் நியூயார்க் தீயணைப்புத் துறையும் சேர்ந்து இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஹேஸ்மாட்’ என்ற பயிற்சி விளையாட்டை உருவாக்கின. நச்சுப் பொருள் விபத்தைக் கணிப்பொறியில் காட்டி, பயிற்சி ஆசிரியர் நடத்த, வீரர்கள் குழுவாகச் சேர்ந்து சமாளிக்கும் முறை அது. நம் மாணவரின் விளையாட்டில் ஆசிரியர் இல்லை. ஆகவே ஆட்டம் தோற்றதும் ‘முடிந்தது’ என்று மட்டும் காட்டாமல், ‘மேற்கு வாசல் பூட்டியிருந்தது, இருபது பேர் கிழக்கு வாசலில் நெரிந்தனர்’ என்று ஒரு வரி காட்டினால் போதும். அந்த ஒரு வரி ஆசிரியரின் வேலையைச் செய்யும்.

இறுதியாக, அவர் திருத்திக் கொண்டுவரும்போது மறுபடியும் ஆடிப் பாருங்கள். ஒருமுறை சொல்லிவிட்டுப் போவது பாதி வேலைதான். திருத்தத்தால் பழைய குறை நீங்கியதா, புதிய குறை முளைத்ததா என்று பார்ப்பது மறுபாதி.

வாசகர்களே, தீ நமக்குக் கருத்துச் சொல்லும் முறை மிகக் கொடியது. அது நியூயார்க்கில் 146 உயிர்களையும் கும்பகோணத்தில் 94 குழந்தைகளையும் கொண்டு தன் கருத்தைச் சொன்னது. விளையாட்டு அந்தக் கருத்தைக் கூலியில்லாமல் சொல்லக்கூடியது. அதில் எரிந்த கோயிலை ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் எழுப்பலாம். அத்தகைய விளையாட்டை உங்கள் பள்ளியிலோ ஊரிலோ யாராவது ஆக்கிக்கொண்டிருந்தால், அவருக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி உதவுங்கள். அதற்கு முன், உங்கள் வகுப்பறையிலிருந்து வெளியேற எத்தனை வழிகள் உள்ளன, அவற்றில் எது பூட்டியிருக்கிறது என்று இன்றே எண்ணிப் பார்த்துவிடுங்கள். தீயணைப்பு நிலையத்தின் தொலைபேசி எண் 101 என்பதை வீட்டிலுள்ள சிறுவருக்கும் சொல்லிவையுங்கள்.